மகரந்தக் காலம் வந்துவிட்டது: இந்த வாரமே ஸ்லைடு வையுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியிருக்கிறது. மழைக்கு முளைத்த புல்லும் பார்த்தீனியமும் தரிசிலும் சாலையோரத்திலும் பூத்து நிற்கின்றன. மாசி வாக்கில் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளும் சேர்ந்துகொள்ளும். காற்றில் வரும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க நினைக்கும் பள்ளிகளும், தும்மலும் இளைப்பும் உள்ள வீடுகளும் உடனே தொடங்குங்கள். பூப்பு உச்சத்துக்குப் போனபின் தொடங்கினால், எண்ணிக்கை எப்போது ஏறியது என்பது பிடிபடாது.

ஸ்லைடின் நடுவில் வாசலினை மிக மெல்லிசாகத் தடவுங்கள். மொட்டைமாடியில், மேலே மரக்கிளை கவியாத இடத்தில், இரண்டு தட்டுகளை நான்கு விரற்கடை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நடுவே ஸ்லைடைக் கிடையாக வையுங்கள். வெயிலில் வாசலின் உருகாமல் மேல்தட்டு காக்கும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, தினமும் ஒரே வேளையில் மாற்றுங்கள். எடுத்த ஸ்லைடில் சாஃப்ரனின் என்ற சாயம் கலந்த கிளிசரின் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் மூடிச் சற்றுப் பொறுங்கள். மகரந்தத்தின் வெளியுறை சிவக்கும், மண்தூசி சிவக்காது.

எண்ணுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்லைடுகளைத் தயாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இப்போது பூத்திருக்கும் ஒவ்வொரு செடியின் மகரந்தத்தையும் தனித்தனி ஸ்லைடில் உதறி, பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் எண்ணுவது வீண் உழைப்பு என்றே சொல்வேன். 400 மடங்கில் புல்லின் மகரந்தம் வழவழப்பான உருண்டையாகத் தெரியும். ஒரே ஒரு துளை, அதைச் சுற்றித் தடித்த விளிம்பு. சவுக்குக்கு மூன்று துளைகள். பார்த்தீனியம் மிகச் சிறியது, ஏறத்தாழ 20 மைக்ரான். உடலெங்கும் முள், கொத்துக் கொத்தாகவும் விழும். முள்ளுக்கீரையும் நாயுருவியும் மேலெங்கும் குழிகளோடு கோல்ஃப் பந்து போலிருக்கும். பழுப்பு நிறத்தில், குறுக்கும் நெடுக்கும் தடுப்புகளோடு ஒருமுனை கூம்பிய துகள் தென்பட்டால், அது மகரந்தமல்ல, ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் வித்து. அதையும் தனியாகக் குறியுங்கள். அதுவும் இளைப்பைத் தூண்டக்கூடியதுதான்.

நோட்டில் துகள் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அன்றைய தும்மல், இருமல், இளைப்பையும் எழுதுங்கள். மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி ஒட்டும் ஸ்லைடுகளில் புல் மகரந்தத்தை எண்ணி, தம் சொந்தத் தும்மலோடு பொருத்திப் பார்த்தே 1873-இல் நூல் வெளியிட்டார். உங்கள் நோட்டும் அதே வேலையைச் செய்யும். ஆனால் ஸ்லைடின் எண்ணிக்கையைக் 'கன மீட்டருக்கு இத்தனை' என்று எழுதிவிடாதீர்கள். கனத்த துகள்தான் எளிதில் படியும். சிறியவை மிதந்து போய்விடும். காற்றை அளந்து உறிஞ்சும் கருவிதான், 1952-இல் ஹர்ஸ்ட் என்பவர் வடிவமைத்ததைப் போன்றதுதான், அந்தக் கணக்கைத் தரும்.

பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் அரித்துப் புண்ணாகும். கையுறையும் முகக்கவசமும் அவசியம். நோட்டைப் பார்த்து நீங்களாக இன்ஹேலரை நிறுத்தவோ கூட்டவோ கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இளைப்பு உள்ள பிள்ளையைப் பூப்பறிக்க அனுப்ப வேண்டாம், நுண்ணோக்கி முன் உட்கார வையுங்கள்.