கிணற்றடிக் கல்லில் படியும் வெள்ளை

உங்கள் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல் இருந்தால், அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் மெழுகு போல ஒன்று ஒட்டும். தண்ணீர் ஊற்றினால் போகாது. நெல்லியடியில் பல வீடுகளில் இதைக் காணலாம். ஊத்தை என்று நினைத்துத் தும்புத்தடியால் தேய்க்கிறோம். அது நாம் காசு கொடுத்து வாங்கிய சவர்க்காரம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகக் கீழே இறங்குகிறது. அப்போது கல்லிலுள்ள கல்சியம் காபனேற்று, கல்சியம் இருகாபனேற்றாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. இதுதான் பாடப்புத்தகம் சொல்லும் வன்னீர். சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. அதன் நீண்ட ஐதரோகாபன் வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணீரைப் பிடிக்கும், அழுக்கு இரண்டுக்கும் நடுவில் இழுபட்டு வரும். வன்னீரில் சோடியம் இருந்த இடத்தைக் கல்சியம் எடுத்துக்கொள்கிறது. கல்சியத்தின் உப்பு தண்ணீரில் கரையாது. கல்லில் படிவதும், கறுத்த உடுப்பில் வெள்ளைத் திட்டாகத் தெரிவதும் அதுதான்.

எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் பார்த்தேன். ஒரு லீற்றர் தண்ணீரில் 250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமனான வன்மை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 0.0025 மூல். ஒரு கல்சியம் அயன் இரண்டு சவர்க்கார அயன்களைப் பிடிக்கும், ஆகவே 0.005 மூல் சவர்க்காரம் போகிறது. சோடியம் தியரேற்றின் மூலர்த் திணிவு 306 என்பதால் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிராம். உடுப்பு ஊறப்போடும் 20 லீற்றர் வாளிக்கு 30 கிராம்! நுரை வருவதற்கு முன்பே இவ்வளவும் முடிந்துவிடும். மூன்று வாளிக்கு ஒரு 100 கிராம் கட்டி கிட்டத்தட்டக் காலி. "சவர்க்காரம் வாங்கிக் கட்டுப்படியாகாது" என்று உம்மா சொல்வதன் காரணம் எங்கள் காலுக்குக் கீழேதான் இருக்கிறது.

இதற்குச் செலவு குறைந்த வழி உண்டு. சலவைச் சோடாவை, அதாவது சோடியம் காபனேற்றை (அப்பச்சோடா அல்ல), முதலில் வாளியில் கொஞ்சம் கரைத்துச் சிறிது நேரம் விட்டால் கல்சியம் சுண்ணாம்பாகக் கீழே படியும். அதன் பிறகு சவர்க்காரம் போட வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் பயன் குறைவு. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தோய்த்தால் சோடாவும் தேவையில்லை.

சவர்க்காரம் செய்யக் கொழுப்பும் காரமும் வேண்டும். காரத்தை 'அல்கலி' என்கிறார்களே, அது அரபுச் சொல். உப்புநிலச் செடிகளை எரித்த சாம்பலுக்கு 'அல்கலீ' என்று பெயர். பொற்றாசியத்துக்கு நாம் எழுதும் 'கே' என்ற குறியீடும் அதே சொல்லிலிருந்து வந்த 'கலியம்' என்பதன் முதலெழுத்துத்தான். ஒலிவ் எண்ணெயில் சவர்க்காரம் செய்யும் நாப்லுஸ் நகரத்தின் கலையையும், அதனுடன் லோரல் எண்ணெய் சேர்க்கும் அலெப்போவின் கலையையும் 2024இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் பக்கத்திலும் காரம் செய்யப்பட்டது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலை மின்பகுத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் தயாரித்தது. எரிசோடாவைக் கொழுப்புடன் காய்ச்சினால் சவர்க்காரமும் கிளிசரோலும் கிடைக்கும். குளோரின் குடிநீரைத் தொற்றுநீக்க உதவும். காய்ச்சிய கலவையில் உப்பைச் சேர்த்தால் சவர்க்காரம் மேலே திரண்டு வரும். ஆக, காரத்துக்கும் உப்பு, திரட்டுவதற்கும் உப்பு. போர் வந்து 1980களின் நடுப்பகுதியில் பரந்தனில் உற்பத்தி நின்றது.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கிருந்தவர்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்ததாக அயலில் உள்ள அம்மம்மாமார் சொல்வார்கள். எங்கள் குடும்பம் அப்போது இங்கே இல்லை. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் பலரைப்போல எங்கள் ஆட்களும் புத்தளத்தில் இருந்தார்கள். இதே சுண்ணாம்புக்கல் படை புத்தளம் வரைக்கும் போகிறது. அங்கேயும் நுரை வராமல்தான் தோய்த்தார்களாம்! பனம்பழக் கதையைக் கேட்டபோது நான் முதலில் நம்பவில்லை. ஆனால் பனங்களியில் 'பிளபெலிபெரின்' என்ற சப்போனின்கள் இருப்பதாக சிறி ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். களியின் கைப்புக்கும் அவற்றில் ஒன்றுதான் காரணம். சப்போனினுக்கும் தண்ணீரைப் பிடிக்கும் பக்கமும் எண்ணெயைப் பிடிக்கும் பக்கமும் உண்டு. சவர்க்காரத்தைப்போல அது கல்சியத்துடன் எளிதில் திரைவதில்லை. அந்த அம்மம்மாமார் சூத்திரம் படிக்காமலே எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கொழுப்பைப் பற்றியும் எங்கள் வீடுகளில் கேள்வி எழும். உறையில் 'சோடியம் பாமேற்று' என்றிருந்தால் பாம் எண்ணெய், 'சோடியம் கொக்கோவேற்று' என்றால் தேங்காய் எண்ணெய். 'சோடியம் டலோவேற்று' என்றால் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. 'சோடியம் லாடேற்று' என்றால் பன்றிக் கொழுப்பு. சவர்க்காரமாக்கலில் கொழுப்பு மூலக்கூறு உடைந்து வேறு பொருளாகிவிடுகிறது என்பது மட்டும்தான் இரசாயனம் சொல்லும் பதில். ஒரு பொருள் இப்படி முற்றாக மாறுவதை எங்கள் சட்ட நூல்கள் 'இஸ்திஹாலா' என்கின்றன. ஹனபி மத்ஹபு இதை விரிவாக ஏற்கிறது. நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அதற்கு இடம் குறைவு. தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்போம். உறையை வாசிப்பது எங்கள் வேலை, அதற்கு ஒரு நிமிடம் போதும்.

தோய்த்த தண்ணீர் எங்கே போகிறது? சவர்க்காரத்தின் நேரான காபன் சங்கிலியைப் பற்றீரியாக்கள் இரண்டிரண்டு காபனாக வெட்டித் தின்றுவிடும். சலவைத்தூள் வேறு பொருள். அது வன்னீரிலும் நுரைக்கும் என்பதால்தான் எங்கள் ஊரில் நன்றாக விற்கிறது. ஆரம்பத்தில் வந்த செயற்கைச் சலவைப் பொருட்களின் சங்கிலி கிளைவிட்டிருந்ததால் பற்றீரியாக்களுக்கு அது செமிக்கவில்லை. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. 1960களில் நேர்ச்சங்கிலிக்கு மாற்றினார்கள். எங்களிடம் நுரையைக் காட்டித்தர ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் கழிவுநீர் வேகமாக இறங்கி, நாம் அள்ளிக் குடிக்கும் அதே நிலத்தடி நீரில்தான் சேர்கிறது. நேர்ச்சங்கிலியைக்கூடப் பற்றீரியாக்கள் உடைக்க மண்ணும் காற்றும் கொஞ்ச நேரமும் வேண்டும். கிணற்றடித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடும் பழைய வழக்கம் அந்த நேரத்தைக் கொடுக்கிறது. கிணற்றைச் சுற்றிச் சீமெந்து போட்டு, தண்ணீரைப் பக்கத்திலேயே ஒரு குழிக்குள் விடும் இப்போதைய வழக்கம் கொடுப்பதில்லை.

மிஞ்சுவது உறை. முன்பு கடதாசி, இப்போது பல கட்டிகளுக்குப் பிளாஸ்ரிக். ஷம்பு போன்ற உணவல்லாத பொருட்களை 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான பிளாஸ்ரிக் பைக்கற்றுகளில் விற்பதை அரசாங்கம் 2021 மார்ச் 31இலிருந்து தடைசெய்தது. சவர்க்கார உறைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அது இன்னும் கிணற்றடி மதில் ஓரத்தில் கிடக்கிறது, அல்லது பின்வளவில் குப்பையுடன் எரிகிறது.