செரி ஆசையும் கேளையாட்டுப் பசியும்

லயத்துக்குப் பின்னால் செரி மரம் வளர்க்க ஆசை. வைக்கிற கன்றின் கொழுந்தையெல்லாம் மான் தின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்? - வாசகி, பெல்மதுளை

ஐரோப்பியச் செரிக்கு 7 பாகைக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் வேண்டும். பெல்மதுளையில் அது காய்க்காது. ஜாம்பழ மரம் வையுங்கள். செரி மாதிரியே சிவக்கும், இரண்டு வருடத்துக்குள் பழமும் கிடைக்கும்.

வந்தது மான்தானா? கடிபட்ட நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. இழுத்துக் கிழிப்பதால் நுனி நார் நாராக நிற்கும். கத்தியால் சீவியது போல் சாய்வாக அறுந்திருந்தால் முயல். அடிமரத்தில் பட்டை போயிருந்தால் முள்ளம்பன்றியைச் சந்தேகிக்கலாம்.

மான் கடிதான் என்றால், அது இடுப்புக்குக் கீழேயே இருந்தால் கேளையாடு. ஏறக்குறைய இரண்டடி உயரப் பிராணி அது. கன்றிலிருந்து இரண்டடி தள்ளி, நாலடி உயரத்தில் கம்பி வலையை வளைத்துக் கட்டினால் போதும். தலைக்கு மேலேயும் கடித்திருந்தால் மரை. வலை ஆறடியாவது வேண்டும். சவர்க்காரக் கட்டி தொங்கவிடும் வைத்தியமெல்லாம் சப்ரகமுவ மழையில் கரைந்துபோகும்.

சுருக்குக் கம்பி மட்டும் வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது.

கிளைகள் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் வலையைக் கழற்றி அடுத்த கன்றுக்குப் போடலாம். அப்புறம் வௌவால் வரும். அதற்குப் பங்கு கொடுத்துத்தான் ஆகவேண்டும்.