கைக்கடிகாரம் காட்டும் வேகம் சரிதானா?

நாப்ஃபா தேர்வில் 2.4 கிலோமீட்டரை 12 நிமிடத்தில் ஓடி முடிக்க, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் தேவை. கையிலுள்ள ஜிபிஎஸ் கடிகாரம் அந்த எண்ணைக் காட்டினால், நம்பி ஓடலாமா?

கடிகாரம் வேகத்தை அறிய இரு வழிகள் உண்டு. முதல் வழி நீங்கள் வகுப்பில் படித்ததுதான்: தொலைவை நேரத்தால் வகுப்பது. ஆனால் திறந்தவெளியிலேயே நீங்கள் இருக்கும் இடத்தைக் கடிகாரம் சில மீட்டர் தள்ளிக் குறிக்கக்கூடும். நடப்பவர் ஒரு விநாடியில் கடப்பதோ ஏறக்குறைய 1.4 மீட்டர். அளக்க வேண்டியதைவிடப் பிழை பெரிது! அடுத்தடுத்த விநாடிகளில் பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்வதால், கழிக்கும்போது அதில் பெரும்பகுதி நீங்கிவிடும், முழுவதும் நீங்காது. பேருந்து நிறுத்தத்தில் சும்மா நிற்கும்போதும் கைப்பேசி வரைபடத்தில் நீங்கள் நகர்வதைப் பார்த்திருப்பீர்களே!

இரண்டாவது வழி டாப்ளர் விளைவு. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது அதன் ஒலி உயர்ந்தும், கடந்து சென்றதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோளம் அனுப்பும் வானொலி அலைக்கும் அதுவே நடக்கிறது. அந்த அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 0.19 மீட்டர். 1.4ஐ 0.19ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் நடையால் வரும் மாற்றம் அதிகம் போனால் 7 ஹெர்ட்ஸ்தான்! துணைக்கோளமே விநாடிக்கு ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர் விரைகிறது. அதனால் வரும் பெரிய மாற்றத்தைக் கழித்துவிட்டுத்தான் இந்தச் சிறு எண்ணைப் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும், திறந்த திடலில் இவ்வழி முதல் வழியைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

ராஃபிள்ஸ் பிளேஸில் கதை வேறு. துணைக்கோளம் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. நேராக வரும் அலையை ஓர் உயர்ந்த கட்டடம் மறைக்கிறது. அதே அலை எதிரிலுள்ள கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. நீங்கள் சுவரை நோக்கி நடப்பதால், குறைய வேண்டிய அதிர்வெண் கூடுகிறது. அந்த ஒரு துணைக்கோளத்தை மட்டும் நம்பினால், நீங்கள் பின்னோக்கி நடக்கிறீர்கள் என்றே கடிகாரம் முடிவு செய்யும்!

கைவீச்சு இன்னொரு தொல்லை. கடிகாரம் அளப்பது மணிக்கட்டின் வேகத்தை, உங்கள் வேகத்தை அன்று. இந்த ஏற்ற இறக்கத்தை மறைக்க, பல கடிகாரங்கள் சில விநாடிகளின் சராசரியைக் காட்டுகின்றன. அதனால் திடீரென வேகம் எடுத்தால், எண் தாமதமாகத்தான் உயரும்.

தேர்வுக்கு முன் 400 மீட்டர் ஓடுபாதையில் சோதித்துப் பாருங்கள். உள்தடத்தில் ஒரு சுற்றைச் சரியாக 2 நிமிடத்தில் ஓடினால், உங்கள் சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். உங்கள் கடிகாரம் என்ன காட்டியது?