சிசேரியனுக்குப் பின் மாதந்தோறும் சிறுநீரில் இரத்தமா?

சிசேரியனுக்குப் பின் மாதவிலக்கு வரவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் சிறுநீர் சிவந்து போகிறது. இவ்வாறு கூறும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று என்று கருதி மருந்து தரப்படுவதுண்டு. சில நாள்களில் இரத்தம் நின்றுவிடுவதால், மருந்தில் குணமானதாகவே தோன்றும். அடுத்த மாதம் மீண்டும் வரும்.

கருப்பையின் முன்புறத்தை ஒட்டியே சிறுநீர்ப்பை அமைந்துள்ளது. சிசேரியனின்போது அதைக் கீழே விலக்கிய பிறகே கருப்பையைத் திறக்கிறோம். முந்தைய அறுவையின் தழும்பால் இரண்டும் ஒட்டியிருந்தால், சிறுநீர்ப்பை காயப்படவோ தையலில் சிக்கவோ கூடும். அவ்விடத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு துளை உண்டாகலாம். இதனைக் கருப்பை–சிறுநீர்ப்பைப் புழை என்கிறோம். இது அரிதானது. மாதவிலக்கு இரத்தம் இத்துளை வழியே சிறுநீர்ப்பைக்குச் செல்கிறது. கருப்பை வாய் இறுக்கமாக இருப்பின் சிறுநீர் வெளியே கசியாது. அதனாலேயே நோய் மறைந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டு யூசெஃப் என்னும் மருத்துவர் இந்நிலையை விவரித்தார். சிலருக்கோ, பிறப்புறுப்பு வழியே சிறுநீர் இடைவிடாது கசியும்.

சிறுநீர்ப்பையைக் கருவி மூலம் உள்நோக்கியும், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்தும் புழையை உறுதி செய்கிறோம்.

தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட சிறு புழை, சில வாரங்கள் சிறுநீர்க் குழாய் பொருத்தி வைத்தாலே மூடிக்கொள்ளக் கூடும். மாதவிலக்கைத் தற்காலிகமாக நிறுத்தும் ஹார்மோன் மருந்தும் உதவும். மூடாவிடில் அறுவை சிகிச்சை தேவை. வீக்கம் தணிவதற்காகப் பெரும்பாலும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறோம். இது காலதாமதம் அன்று. ஆறிய திசுவில்தான் தையல் உறுதியாக நிற்கும். இரு உறுப்புகளையும் பிரித்துத் தனித்தனியே தைத்து, இடையில் வயிற்றின் கொழுப்புச் சவ்வை வைக்கிறோம். மீண்டும் குழந்தை வேண்டுவோருக்குப் பெரும்பாலும் கருப்பையைக் காக்க இயலும். பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரம் குழாய் இருக்கும். அது அடைபடாமலும் இழுபடாமலும் பார்த்துக்கொள்வது குடும்பத்தாரின் பொறுப்பு. அடுத்த கருவுறுதலின் தொடக்கத்திலேயே இச்சிகிச்சை பற்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சிறுநீர் சிவக்கும் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். பிரசவத்தின்போது தந்த மருத்துவமனைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். கசிவும் நாற்றமும் பெண்ணின் சுத்தக் குறைவால் வருவன அல்ல. வெட்கத்தால் மறைக்க வேண்டாம். வீட்டாரும் அவரை ஒதுக்க வேண்டாம். இது குணப்படுத்தக்கூடிய நோய்.