பதினோரு மணித் தூக்கம்

அன்புள்ள இளம் நன்னடத்தை அலுவலருக்கு,

உன் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் இயலை ஒரே மூச்சில் படித்தேன். கோபம் ஆறவில்லை. நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்தில்.

பத்தொன்பது வயதுப் பையன், கைப்பேசித் திருட்டு வழக்கு. கோயம்பேடு சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான்கு பக்கம் தள்ளி, "காலை 11 மணிக்கு வீட்டு விசாரணைக்குச் சென்றபோது உறங்கிக்கொண்டிருந்தார், பொறுப்புணர்வு குறைவு" என்கிறாய். ஏனம்மா, கோயம்பேட்டுக்கு லாரி எப்போது வருகிறது? ராத்திரி முழுக்கத் தோள் கொடுத்தவன் பதினோரு மணிக்குத் தூங்காமல், உனக்காக வாசலில் கோலம் போடுவானா?

ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் நம் அறிக்கையைக் கேட்க வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அவன் வீட்டுப் படி ஏறாத மாஜிஸ்திரேட்டுக்கு உன் வரிதான் கண். இதே வரி நீதிமன்றத்துக்குப் போன அறிக்கையிலும் இருந்ததா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆளைப் பார்க்கப் போகுமுன் அவர் வேலை நேரத்தைக் கேள். இதையே சொல்லிச் சொல்லி, மாணவிகள் எனக்குக் 'கடிகார டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். நான் அலுவலராக இருந்தபோது, மகன் வழக்குக்காகக் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவைப் பார்க்க விடியுமுன் போய், ஏலம் முடியும்வரை காத்திருந்தேன். அலுவலகத்துக்கு அழைத்தால் வந்திருப்பார். "ஆமாங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். துறைமுகத்தில் அவர் ராஜாத்தி. ஐஸ் பெட்டிமேல் என்னை உட்காரவைத்து, மகன் எப்போது பள்ளியை விட்டான், யாரோடு சேர்ந்தான், எந்த மாமனுக்குப் பயப்படுவான் என்று கொட்டித் தீர்த்தார். அந்த மாமன்தான் பிறகு ஜாமீன் நின்றார்.

அடுத்து, குற்றவியல் அறிஞர் டிராவிஸ் ஹிர்ஷி. 1969இல் வந்த அவர் நூலைப் பக்கம் பக்கமாகச் சுருக்கியிருக்கிறாய். ஈடுபாடு என்று அவர் சொன்னது என்ன? வேலையில் மூழ்கிக் கிடப்பவனுக்குத் தப்புத்தண்டாவுக்கு நேரமிருக்காது என்பதுதானே? அந்த ஈடுபாடு உன் கண்ணெதிரே பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதைக் குறையென்று குறித்துக்கொண்டு, நூலகத்துக்குப் போய் ஹிர்ஷியைத் தேடியிருக்கிறாய்!

நான் படிப்பைப் பழிக்கவில்லை. வேலையில் இருந்தபடியே அஞ்சல்வழியில் முதுகலை முடித்தவள். ஓய்வு பெற்ற பிறகு, பேத்தி வயதுப் பெண்களோடு உட்கார்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். இப்போதும் உருப்போடுகிறேன்: நன்னடத்தைப் பிணையில் விடும் பிரிவு 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 562, 1973 சட்டத்தில் 360, ஜூலை 2024 முதல் புதிய சட்டத்தில் 401. ஆனால், களத்தில் கண்டது விளங்காமல் மண்டை குடைந்தபோதுதான் ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்தேன். உன் இயலில் புத்தகம் முன்னால் போகிறது, பையன் பின்னால் ஓடி வருகிறான்.

அவன் அக்காவைப் பற்றிய பத்திக்கு வருகிறேன். எழுத்துத் தெரியாத பெண். தம்பியின் வாய்தா நாள் தவறக் கூடாதென்று காலண்டரில் மஞ்சள் பொட்டு வைத்திருக்கிறாள். நீதிமன்றத் தாள், ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில். அதைப் பார்த்தாய், எழுதினாய், ஒரு விளக்கமும் சொல்லாமல் விட்டாய். என் பணிக்காலம் முழுவதும் எழுதிய அறிக்கைகளில் இப்படி ஒரு பத்தி கிடையாது. பொறாமையோடுதான் சொல்கிறேன்.

கோயம்பேட்டுக்கு ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போ. துணை வேண்டுமென்றால் நானே வருகிறேன். திரும்பி வந்து அந்தத் தூக்க வரியை அடி, ஹிர்ஷியைப் பாதியாக்கு. உன் வழிகாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும் அக்காவின் பத்தியில் மட்டும் கை வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியை