சிகிச்சை முடிந்த பிறகும் விடாத தொல்லைகள்: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு

அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து கொல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்தாயிற்று. ஆனாலும் கை கனக்கிறது, விரல் மரத்துப்போகிறது, நடுராத்திரியில் உடம்பு கொதிக்கிறது. பெரும்பாலும் இவை நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல, சிகிச்சையின் மிச்சம். எதை வீட்டில் சமாளிக்கலாம், எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும் என்று பிரித்துக்கொள்வதே முதல் வேலை.

1. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொல்லை, தொடங்கிய தேதி, 0 முதல் 10 வரை அதன் கடுமை, சாப்பிடும் மாத்திரைகள். செக்கப்புக்கு இதைக் கொண்டுபோங்கள்.

2. கையை அளந்து பாருங்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் கையில் நீர் தேங்கலாம். சில வருடம் கழித்தும் வரும். மாதம் ஒருமுறை இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 செ.மீ.யை எட்டினால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கையில் மாட்டும் அழுத்த உறையை அவர் அளவெடுத்த பிறகே வாங்குங்கள். அந்தக் கையில் கொசுக்கடி, கத்திக்காயம் படாமல் காக்கவேண்டும். அதற்காகக் கையை அசைக்காமல் வைக்க வேண்டாம்.

3. களைப்புக்கு நடை. படுத்தே இருந்தால் களைப்பு கூடும். வெயிலுக்கு முன் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் 10 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். குறையாவிட்டால் ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

4. ஹார்மோன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மூட்டுவலி தரும், எலும்பையும் மெலியவைக்கும். டாமாக்ஸிஃபென் உடம்பில் சூடு கிளப்பும். 5 வருடம், சிலருக்கு 10 வருடம் சாப்பிட வேண்டியவை இவை. தாங்க முடியாவிட்டால் மருந்தை மாற்ற டாக்டரால் முடியும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். கொல்கத்தாப் புழுக்கத்தில் பருத்தி உடை, மின்விசிறி, சாயங்காலக் காபியைக் குறைப்பது உதவும்.

5. மரத்த பாதத்தைக் கவனியுங்கள். பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகளால் வரும் இது குறைய மாதக்கணக்காகும். வெறுங்காலோடு நடக்காதீர்கள், வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

6. காத்திருக்கக் கூடாதவை. கை திடீரென்று சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டர். மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்றால் உடனே அவசரப் பிரிவு. புதிய கட்டி, இரண்டு வாரமாக விடாத எலும்புவலி, தொடர் தலைவலி, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு என்றால் அடுத்த செக்கப் வரை தள்ளாதீர்கள்.

7. சிகிச்சை தந்த மருத்துவமனைக்கே போங்கள். ஹஸ்ராவிலுள்ள சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனமானாலும், 2011இல் நியூ டவுனில் தொடங்கிய டாட்டா மெடிக்கல் சென்டரானாலும், உங்கள் பழைய ரிப்போர்ட் இருக்கும் இடமே நல்லது. வங்காள மொழி பேசத் தடுமாறினால் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டாரையோ அழைத்துப்போங்கள். முக்கியமான மூன்று கேள்விகளை முன்னாலேயே எழுதி வையுங்கள்.