ஏழு வியசனங்கள்: முதலாவது சூது

சித்தன்னவாசல் தரிசனத்திற்குக் குடும்பங்களாகப் புறப்பட்ட நாம், திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் கீரனூரில் தேநீருக்காக வண்டியை நிறுத்தினோம். இப்பாடம் அங்கேதான் தொடங்கியது. வண்டியின் பின்னிருக்கையில் சீட்டாடிக்கொண்டு வந்த பிள்ளைகளை நம்முடன் வந்த பெரியவர் ஒருவர் சற்றுக் கடுமையாகவே கடிந்துகொண்டார். அவருடைய தம்பி மகன் கைப்பேசியில் பணம் வைத்து ஆடி, வீட்டு நகைகளை அடகில் மூழ்கவிட்டவர் என்பதை அறிந்தோர் பேசாதிருந்தனர். அறியாத இளைஞர் ஒருவர், "பெரியப்பா, போக்கர் திறமை ஆட்டம் என்று உயர் நீதிமன்றமே கூறிவிட்டது. திறமையால் பொருள் ஈட்டுவது எப்படி வியசனம் ஆகும்?" என்று பணிவுடன் கேட்டார். பெரியவர் விடை கூறவில்லை. நமக்கும் அப்பொழுது விடை தோன்றவில்லை.

இளைஞர் கூறிய செய்தி பிழையன்று. சென்னை மாகாணத்தில் 1930இல் இயற்றப்பட்ட சூதாட்டச் சட்டமே, திறமையால் மட்டும் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என உச்ச நீதிமன்றம் 1968இல் கூறியது. இணையவழி ஆட்டங்களால் குடும்பங்கள் அழிவது கண்டு தமிழக அரசு 2021இல் கொணர்ந்த தடைச் சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. பின்னர் 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பர் 9 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை நிலைநிறுத்தியபோதிலும், அவ்விரண்டும் திறமை ஆட்டங்களே என்று கூறிப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையாயினும் தற்செயலாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. எனினும் அது இணையத்திற்கு மட்டுமே உரியது. நேரில் அமர்ந்து ஆடும் மேசையை அது தொடவில்லை.

ஆகவே சட்டத்தை விட்டு, அந்த மேசையையே பார்ப்போம். போக்கரின் பரவலான வகையில், ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டுகள் இருக்கும். பொதுவில் ஐந்து சீட்டுகள் விரிக்கப்படும். நான்கு சுற்றுகளில் பணயம் கூட்டப்படும். மற்றவர் அனைவரும் அஞ்சி விலகிவிட்டால், கையில் ஒன்றுமில்லாதவனும் குவியலை அள்ளலாம். இதுவே ஆட்டத்தின் உயிர்நாடி.

இவ்வகையில் பெரும்பணயத்திற்குப் பேர்போன ஒரு நிகழ்ச்சி, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2001 முதல் 2006 வரை நடந்தது. டல்லாஸ் நகர வங்கி அதிபர் ஆண்டி பீல் என்பவர், தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தனித்தனியே எதிர்கொள்ள முன்வந்தார். அவர் அறிவிலி அல்லர். எண் கணிதத்தில் அவர் பெயராலேயே தீர்வு காணப்படாத ஊகம் ஒன்று உண்டு. எதிராளிகள் தம் பணத்தை ஒன்று திரட்டி, முறைவைத்து அவருடன் ஆடினர். தம் முகக்குறிப்பை மறைக்க அவர் கறுப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்தார். 2006 பிப்ரவரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் வென்றார். அத்துடன் நிற்கவில்லை. அதே மாதத்தில் பில் ஐவி என்னும் தொழில்முறை ஆட்டக்காரரிடம் மூன்றே நாள்களில் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் தோற்றார்.

கோடீசுவரர் இழந்தால் நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் அங்கே பயிற்சி பெறுவது எது என்று பாருங்கள். இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் காட்டுவதை நம் ஆகமங்கள் மாயை என்னும் கஷாயமாகக் கூறுகின்றன. அதை இரவு பகலாகப் பழகி, அதில் தேர்ச்சி பெறுவதையே அங்கே திறமை என்கின்றனர். வென்றவரை மீண்டும் அமரச் செய்தது லோபம் மட்டுமன்று; வல்லவரையும் வெல்வேன் என்னும் மானமும் ஆகும். திருக்குறளின் சூது அதிகாரம் தோல்வியிலிருந்து தொடங்காமல் வெற்றியை எச்சரித்துத் தொடங்குவது எவ்வளவு நுட்பமானது!

நாம் நின்ற கடை வாயிலில் ஒரு மூதாட்டி வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். பத்து ரூபாய் அவரிடம் சென்றது. கடலை நம்மிடம் வந்தது. இருவருக்கும் நிறைவு. இனி, ஐவர் ஆளுக்கு ஒரு லட்சம் கொணர்ந்து ஆடுவதாகக் கொள்வோம். விடியும்போது மேசையில் ஐந்து லட்சத்திற்கு மேல் ஒரு காசும் இராது. ஆட்டக்கூடம் ஒவ்வொரு குவியலிலும் எடுக்கும் பங்கு போகக் குறைந்தே இருக்கும். ஒருவர் பெற்றது முழுவதும் மற்றவர் இழந்ததே. தற்செயல் ஆட்டமாயின் வலியவனும் எளியவனும் மாறி மாறி இழப்பர். திறமை ஆட்டமாயினோ, திறமை குறைந்தவன் நாளடைவில் இழந்தே தீருவான். தொழில்முறை ஆட்டக்காரனுக்குத் தன்னினும் வல்லவன் வேண்டியதில்லை; தன்னினும் செல்வமும் தன்னினும் குறைந்த தேர்ச்சியும் உடையவனே வேண்டும். இளைஞர் விலக்கிற்குக் காட்டிய காரணமே குற்றத்தைக் கூட்டுகிறது என்று கூற நாம் தயங்கவில்லை.

நம் சிராவகாசார நூல்கள் ஏழு வியசனங்களுக்கும் எடுத்துக்காட்டு கூறுமிடத்துச் சூதிற்குத் தருமபுத்திரரைக் கூறும். ஏன் ஒரு கயவனைக் கூறவில்லை? அவர் செல்வர், நல்லவர். சமண மரபில் இறுதியில் முக்தி அடைந்தவர். எதிரே அமர்ந்த சகுனியோ அத்தொழிலில் தேர்ந்தவன். லாஸ் வேகாஸ் மேசையும் அத்தினாபுரத்து அவையும் வேறல்ல.

நார்த்தாமலைக் குன்றுகள் தெரியத் தொடங்கும் வரை இப்பேச்சு நீண்டது. பெரியவர் தம் தம்பி மகனைப் பற்றித் தாமே கூறினார். இளைஞர் அதன்பின் எதிர்வாதம் செய்யவில்லை. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தின் பதினேழு கற்படுக்கைகளையும் வணங்கி இறங்கும்போது, மீண்டும் நம் அருகே வந்து, "பங்குச் சந்தையில் காலையில் வாங்கி மாலையில் விற்பது வணிகமா, சூதா?" என்று கேட்டார். அவ்வினாவை அடுத்த இதழ்ப் பாடத்திற்கு எடுத்துக்கொண்டுள்ளோம். வாசகர்களும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம்.